ஜூன் மாதத்துக் குழிகள்

கீழக்கொம்பன்குளத்துக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று மேலக்கொம்பன்குளத்தில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை எல்லோருக்கும் இருக்கிறது. அடிக்கடி எடுத்தால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. ஒரே அறை, ஒரே டீச்சர், பதினேழு பிள்ளைகள். டீச்சர் பெயர் ரோசலின். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தங்கபுஷ்பம். அவளோடு சைக்கிள் கடை மாசானமும், ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் பால்துரையும் உறுப்பினர்கள். ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. ஒரு கூட்டத்திலும் எதுவும் புரிந்ததில்லை.

ஏப்ரல் மாதம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை வட்டாரக் கல்வி அலுவலர் வருவார். பிள்ளைகள் இந்த வருஷம் என்ன படித்தார்கள், என்ன செய்தார்கள் என்று பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை மேலக்கொம்பன்குளம் பள்ளியில் சேர்த்துவிடுவார். அதே வாரம் பார்த்து ரோசலின் டீச்சருக்கு மாவட்டத் தலைநகரில் நாலு நாள் பயிற்சி. போகாமல் தீராது.

தங்கபுஷ்பத்துக்குப் பயம் வந்துவிட்டது. அவள் மகன் இசக்கிமுத்து ஒன்றாம் வகுப்பு. மேலக்கொம்பன்குளம் போவதென்றால் நாலுவழிச் சாலையைத் தாண்ட வேண்டும். லாரிகள் பறக்கிற சாலை. ஆறு வயதுப் பிள்ளை அதைத் தினமும் இரண்டு தடவை தாண்டுவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சருக்கும் பயம்தான். ஆனால் அவருடைய பயம் அதிகாரியைப் பற்றியது மட்டுமில்லை. போன குடியரசு தினத்துக்குக் கொடிமரத்தைக் கழுவி வையுங்கள் என்று சொன்னதற்கு, அதைப் பிடுங்கிக்கொண்டுபோய்க் குளத்தில் கழுவியவர்கள் இந்த மூன்று பேரும். அதனால் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி, கடைசியில் அடிக்கோடிட்டு இப்படி முடித்தார்: ‘எழுதியதை அப்படியே செய்யவும். எழுதாத எதையும் செய்ய வேண்டாம்.’

“ஒரு எழுத்து பெசகாது டீச்சரம்மா. எம்புள்ள மேல சத்தியம்” என்றாள் தங்கபுஷ்பம். டீச்சர் பஸ் ஏறினார்.

முதல் வரி: ‘வகுப்பறைக்கு வெள்ளை அடிக்கவும்.’

“சுவத்துக்கா, அறைக்கா?” என்று கேட்டான் பால்துரை.

“அறைக்குன்னுதான் எழுதியிருக்காவ. சுவரும் அறையில ஒரு பங்குதானவே” என்றான் மாசானம்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் சுவர், பெஞ்சு, மேசை, அலமாரி, கரும்பலகை எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டன. சுவர்க்கடிகாரத்தின் முகத்தை மட்டும் பால்துரை துடைத்துவிட்டான். சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டுமே. கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. மாசானம் அடுப்புக்கரி ஒரு கூடை கொண்டுவந்து வைத்தான். 

புதன்கிழமை இரண்டாவது வரியைப் படித்தார்கள். ‘ஜூன் மாதம் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்த உயரத்தையும் இப்போதைய உயரத்தையும் அதிகாரிக்குக் காட்டவும்.’

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“கோடு எங்கவே?”

“சுவத்துலதான் இருக்கும். டீச்சரம்மா பொய் எழுத மாட்டாவ.”

“இல்லையே.”

“இருக்கு. சுண்ணாம்புக்குப் பின்னால இருக்கு. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல.”

தங்கபுஷ்பத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இசக்கிமுத்து சாலை ஓரத்தில் பையோடு நிற்பது போலவே இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். தலைவி என்றால் யோசிக்கத்தானே வேண்டும்.

“கோடு போனா என்ன? பிள்ளைக இருக்குல்லா. ஜூன்ல எம்புட்டு உயரம் இருந்துச்சோ, அந்த உயரத்துக்கு அதுகளக் கொண்டாந்துட்டா போதும்.”

“தலையில அம்மிக்கல்லத் தூக்கி வச்சுப் பாப்பமா?” என்றான் மாசானம்.

“பெத்தவ நம்மள உசுரோட விடமாட்டா.”

பால்துரை நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “பிள்ளைய எதுக்கு அமுக்கணும்? தரையத் தாழ்த்துவோம்.”

மாசானம் உடனே மண்வெட்டி எடுக்க ஓடினான். இந்த ஊரில் இப்படி ஒரு யோசனை பிறந்து நாளாகிவிட்டது.

அறைத் தரை சிமெண்ட் என்பதால் வெளிச்சுவர் ஓரமாகக் குழி தோண்டினார்கள். ஐந்தாம் வகுப்பு மூவருக்கும் தாளில் வேறு வரி தனியாக இருந்ததால் அவர்களை விட்டுவிட்டு, ஆளுக்கொரு குழியாகப் பதினாலு குழி. ஆழத்துக்கும் கணக்கு இருந்தது. ஜூனில் முட்டியைத் தொட்ட கால்சட்டையும் பாவாடையும் இப்போது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ, அவ்வளவு ஆழம். ஒரு பிள்ளைக்கு இரண்டு விரல், இன்னொன்றுக்கு மூன்று விரல்.

இசக்கிமுத்துவிடம்தான் கணக்கு உதைத்தது. அவன் போட்டிருந்தது அண்ணன் கால்சட்டை. ஜூனிலும் முட்டிக்குக் கீழே, இப்போதும் முட்டிக்குக் கீழே. கணக்குப்படி அவனுக்குக் குழியே கிடையாது. எல்லாருக்கும் குழி இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லையா என்று அவன் மண்ணில் புரண்டு அழுதான். பெற்ற மனசு கேட்கவில்லை. தங்கபுஷ்பம் மண்வெட்டியை வாங்கி அவனுக்குத் தன் கையால் ஒரு முழத்துக்குத் தோண்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மூன்றாவது வரி. ‘இந்த வருஷம் பிள்ளைகள் செய்ததை ஒன்றுவிடாமல் பார்வைக்கு வைக்கவும்.’

வெள்ளை அலமாரியைத் திறந்தால் வரைபடங்கள், களிமண் பொம்மைகள், காகிதப் பூக்கள் என்று நிறைய இருந்தன.

“இது யாரு செஞ்சது?” என்றாள் தங்கபுஷ்பம்.

“பிள்ளைக.”

“யாரு சொல்லிச் செஞ்சுது?”

“டீச்சரம்மா சொல்லி.”

“அப்ப இது டீச்சரம்மா செஞ்சது. பிள்ளைக தானா என்ன செஞ்சுதுன்னுல்லா கேட்டிருக்காவ.”

அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அலமாரியை மூடினார்கள். பால்துரை மோட்டார் போடப் போகிற வழியில் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்த வருஷம் செய்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று.

ஊரே திரண்டு வந்தது. உடைந்த ஓடுகள் பதினொன்று வந்தன. ஏழு ஆணி ஏறிய டயர் ஒன்று வந்தது, அது மாசானத்தினுடையது. வாலில் இறகே இல்லாத ஒரு சேவல் வந்தது. உடம்பெல்லாம் சொட்டுநீலம் பூசிய ஒரு வெள்ளாடு வந்தது. பூட்டுக்குள் புளியங்கொட்டை திணித்ததால் இரண்டு மாதமாகத் திறக்க முடியாத கதவை, தாங்கள் எப்படி வெளியே வந்தோம் என்று சொல்லாமலே ஒரு குடும்பம் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்த பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி எல்லாம் கரியால் எழுதி வைத்தாயிற்று. இவ்வளவு ஒழுங்கான கண்காட்சி அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

கடைசி வரி: ‘ஐந்தாம் வகுப்பு மூவருக்கும் வெள்ளிக்கிழமை காலை மாலை போட்டு வழியனுப்பவும்.’

“எங்க அனுப்ப?” என்றான் மாசானம்.

“எங்கன்னு எழுதலையே. பஸ்ஸு எங்க போவுதோ அங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி மினிபஸ்ஸில் மூன்று பிள்ளைகளையும் மாலையும் கழுத்துமாக ஏற்றிவிட்டார்கள். தங்கபுஷ்பம் உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதாள். பஸ் டவுன் வரைக்கும் போய்த் திரும்பியது. டிரைவர் பத்தரை மணிக்குப் பள்ளி வாசலில் மூன்றையும் இறக்கிவிட்டுப் போனார்.

“என்ன இது, திரும்ப வந்துட்டு!” என்று அதிர்ந்தான் பால்துரை. “இப்பம் என்ன செய்யது? நாமதான் அனுப்பியாச்சே.”

“அனுப்புனதோட அது நம்ம பிள்ளையில்ல” என்றாள் தங்கபுஷ்பம். “வெளியூர்லருந்து மாலையோட வாராவ. அப்ப யாரு? விருந்தாளி.”

பள்ளியில் இருந்த நாற்காலி மூன்று. விருந்தாளிகளும் மூன்று பேர். பொருத்தம் தானாக அமைந்துவிட்டது.

பதினோரு மணிக்கு அதிகாரி கனகசபாபதி ஜீப்பில் வந்து இறங்கினார். மூன்று பேரும் அவசரமாகத் தாளைப் பார்த்தார்கள். அதிகாரிக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்றோ, உட்கார வைக்க வேண்டும் என்றோ அதில் எழுதவில்லை. எனவே சும்மா நின்றார்கள். அவரும் நின்றார்.

“நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பசங்க யாரும்மா?”

“சிறப்பு விருந்தினர், சார்.”

மாலைக்குள்ளிருந்து ஒரு பையன் தலையை ஆட்டி, “நல்லாருக்கியளா?” என்று விசாரித்தான். அதிகாரி தன்னை அறியாமல் நல்லாயிருக்கேன் என்று சொல்லிவிட்டார்.

“உயரத்தக் காட்டுதோம் சார்” என்று தங்கபுஷ்பம் வெளியே கூட்டிப்போனாள். சுவரோரம் பதினாலு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். “ஜூன்!” என்று கத்தினாள். பதினாலும் தொபுக்கென்று குழிக்குள் இறங்கின. “ஏப்ரல்!” என்றாள். பதினாலும் மேலே ஏறின.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை என்றார். ஜூன். ஏப்ரல். இசக்கிமுத்து மட்டும் ஜூனில் இடுப்பு வரை காணாமல் போய், ஏப்ரலில் அம்மா கையைப் பிடித்து ஏறி வந்தான்.

“இந்தப் பையன் ஒரே வருஷத்துல ஒரு முழமா வளந்திருக்கான்?”

“சத்துணவு, சார்” என்றான் மாசானம்.

பிறகு கண்காட்சி. அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நின்று யார் செய்தது என்று சத்தம் போட்டார். செய்த பிள்ளை முன்னால் வந்து எப்படிச் செய்தேன் என்று விளக்கியது. எத்தனை புட்டி நீலம் கரைத்தால் ஓர் ஆட்டுக்குப் போதும் என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி கணக்குச் சொன்னாள். மாங்காயைக் குறிபார்த்த கல் காற்று வீசியதால் எவ்வளவு தூரம் விலகி ஓட்டில் விழுந்தது என்று நாலாம் வகுப்புப் பையன் வெள்ளைப் பலகையில் கரியால் படமே போட்டான். அதிகாரியின் தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று நினைத்துவிட்டாள் தங்கபுஷ்பம். போச்சு, பள்ளிக்கூடம் போச்சு.

அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த மாசம் மட்டும் நாப்பத்திரெண்டு பள்ளிக்கூடம் பார்த்துட்டேன்மா. எல்லா இடத்துலயும் கடையில வாங்கின தெர்மகோல் எரிமலை. எல்லா எரிமலையும் அப்பாமார் ஒட்டினது. பிள்ளைங்க நிஜமா தன் கையால செஞ்சதை இங்கதான் பார்க்கறேன்.”

பார்வையாளர் புத்தகத்தை வாங்கி எழுதினார். ‘இப்பள்ளி மூடப்படாது. இன்று நான் கண்டபடியே இப்பள்ளி தொடர வேண்டும். எதையும் மாற்றக்கூடாது.’ கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறப் போனவருக்கு ஆசை விடவில்லை. திரும்பி, “ஜூன்!” என்று ஒரு தடவை தானே கத்திவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார். 

தங்கபுஷ்பம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை சந்தோஷத்தில். இனி இசக்கிமுத்து எந்தச் சாலையையும் தாண்ட வேண்டாம்.

அழுது முடித்ததும் மூன்று பேரும் புத்தகத்தை இன்னொரு முறை படித்தார்கள். ‘எதையும்’ என்ற இடத்தில் வெகுநேரம் நின்றார்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ரோசலின் டீச்சர் வந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கு வந்தார். வாசலில் நீல ஆடு கட்டிக் கிடந்தது. மூன்று பிள்ளைகள் வாடிய மாலையோடு நாற்காலியில் இருந்தார்கள். பதினாலு பிள்ளைகள் குழிக்குள் நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் அதிகாரி போகும்போது அவர்கள் ஜூனில் இருந்தார்கள். சுவர்க்கடிகாரம் அவர் கையெழுத்துப் போட்ட பதினொன்றேமுக்காலைக் காட்டியது. அதன் பேட்டரி மாசானத்தின் சட்டைப்பையில் இருந்தது.

பள்ளி மூடவில்லை என்று கேட்டதும் டீச்சர் தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டார். “எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை” என்று கண் கலங்கியபடி வாசலுக்குள் காலை வைக்கப் போனார். பால்துரை சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான்.

“கோவிச்சுக்கிடாதிய டீச்சரம்மா” என்றாள் தங்கபுஷ்பம். “அதிகாரி கண்டப்ப நீங்க உள்ள இல்ல. இப்ப வந்தியன்னா பள்ளிக்கூடம் மாறிரும். மாறுனா மூடிருவாவ.”

டீச்சர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். கெஞ்சினார். கோபப்பட்டார். கடைசியில் கைப்பேசியில் அதிகாரியையே கூப்பிட்டுக் கொடுத்தார். டீச்சரை உடனே உள்ளே விடுங்கள் என்று அதிகாரி அலறியது தெரு முனை வரை கேட்டது.

“அவரு சொல்லத்தான செய்யாரு, எழுதலையே” என்றான் மாசானம். “வேணும்னா நேர்ல வந்து, டீச்சரம்மா உள்ள இருக்கதப் பாத்து, இன்னொரு தடவ எழுதட்டும்.”

“அவர் வந்து பார்க்கும்போது நான் உள்ள இருக்கணும்னா, அதுக்கு முன்னாடி என்னை உள்ள விடணுமே!” என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் ஓரமாகப் போய்த் தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஆலோசித்தார்கள். திரும்பி வரும்போது தங்கபுஷ்பத்தின் முகம் மலர்ந்திருந்தது. டீச்சரின் இரண்டு கைகளையும் ஆசையோடு பிடித்துக்கொண்டாள்.

“அதப் பத்தி நீங்க ஒண்ணும் வெசனப்படாதிய டீச்சரம்மா. அதிகாரி வந்து, நீங்க உள்ள இருக்கதத் தன் கண்ணால பாத்து எழுதிக் குடுத்த மறு நிமிசம், நாங்களே உங்கள உள்ள விட்டுருவோம்.”