சும்மா இருந்த குச்சி

பாலம் எடை கூடுதல் என்று சொல்லி, பெயர் பதிகிற மேசையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செல்வராணி டீச்சர் மேசைத் தராசை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். பள்ளி அறிவியல் மன்றங்களுக்கான மாவட்டப் போட்டி அது. ஐஸ் குச்சியும் பசையும் மட்டும் வைத்துப் பாலம் கட்ட வேண்டும். சொன்ன எடைக்கு மேல் போகக் கூடாது. அதிக பாரம் தாங்கும் பாலத்துக்குப் பரிசு. உங்கள் முறை வருவதற்குள் குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேசையில் இருந்தவர்.

இலக்கியாவும் ஃபர்ஹானாவும் பாலத்தை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். விளையாட்டுப் பீரியடை எல்லாம் விட்டுவிட்டுக் கட்டிய பாலம்.

நேற்றுப் பள்ளித் தராசில் சரியாகத்தானே இருந்தது என்று முனகிக்கொண்டே இலக்கியா அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

"இந்தக் குச்சியெல்லாம் யாரு ஒட்டினது?"

டீச்சர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். நேற்றுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு மனசு கேட்கவில்லை. பாலத்துக்கு அடியில் புத்தகங்களை முட்டுக் கொடுத்து, மாதாவை வேண்டிக்கொண்டே, மெலிசாகத் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு குச்சியை வைத்து ஒட்டிவிட்டிருந்தார்.

"நான்தான்டி."

"போங்க டீச்சர். எங்கம்மாவும் இப்படித்தான். டிபன் பாக்ஸை மூட முடியாத அளவுக்கு அமுக்கி வெப்பாங்க," என்றாள் ஃபர்ஹானா.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டீச்சர் எழுந்து பாரிவேந்தன் சாரைத் தேடிப் போனார்.

அவர்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தை ஆரம்பித்தவரே அவர்தான். மாற்றலாகி வேறு பள்ளிக்குப் போகும்போது டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். டீச்சரின் மூத்த மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் பாலம் என்றால் என்ன என்பதையே டீச்சர் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். ஆசிரியர் அறையில் 'சிஷ்யை வர்றாங்க' என்று கேலி செய்வார்கள். ஆமாம், அவர் எனக்குக் குருதான் என்று சொல்லிவிட்டு டீச்சர் தன் வேலையைப் பார்ப்பார்.

இன்று அவர் தன் புதுப் பள்ளிப் பிள்ளைகளோடு வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தார். சார், அவங்க நமக்கு எதிர் டீம் என்று அவருடைய பையன்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். போட்டி போட ஆள் வேண்டாமா என்று கேட்டுவிட்டு நடந்தார்.

பாலத்தின் அருகில் வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். போட்டி நடக்கும் இடத்துக்கு வந்த பிறகு பிள்ளைகளைத் தவிர யாரும் பாலத்தைத் தொடக் கூடாது என்பது விதி. இரண்டு பெஞ்சுக்கு நடுவே பாலத்தை வைத்து, நிறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை நடுவில் தொங்கவிடச் சொன்னார்.

"ஒவ்வொரு குச்சியா நகத்தால சுண்டுங்க. காதை வெச்சுக் கேளுங்க."

சுண்டினார்கள். சில குச்சி டிங் என்றது. சில குச்சி தொப் என்றது.

"டிங்னா என்ன சார்?"

"பாரம் வாங்குது."

"தொப்னா?"

"சும்மா இருக்கு."

தொப் என்றதையெல்லாம் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். எல்லாமே டீச்சர் ஒட்டியவை. ஒவ்வொன்றும் விழும்போது பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துக்கொண்டே பொறுக்கிக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டார்.

இலக்கியா மேசைக்கு ஓடி எடை போட்டுப் பார்த்துத் திரும்பி ஓடிவந்தாள். இன்னும் ஒரே ஒரு குச்சி அதிகம். உள்ளே மைக்கில் இவர்களுக்கு முந்தைய அணியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பாட்டிலை மறுபடி மாட்டினார்கள். நட்டநடுவில், அடிப்பக்கம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குச்சி, முதல் தடவை சுண்டாமல் விட்டுப்போனவை. ஒன்று பிள்ளைகள் ஒட்டியது, ஒன்று டீச்சர் ஒட்டியது. இலக்கியா சுண்டினாள். டீச்சருடையது டிங் என்றது. பிள்ளைகளுடையது தொப்.

ஃபர்ஹானாவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப எங்களோடதைத்தான் எடுக்கணுமா சார்?"

அவர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒன்றாவது உதவியதே. "என்னோடதுதான் தாங்குது சார். அதை எடுத்தா பாலம் போயிரும்."

"எடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

"எதை?"

"உங்களோடதை."

"தாங்குறதையா சார்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். டீச்சரின் கை தன்னையறியாமல் பாலத்துக்குக் கீழே போனது. விதி ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். "அறுங்கடி," என்றார்.

ரம்பம் நாலு இழுப்பு இழுத்தது. படக்கென்று ஒரு சத்தம். பாட்டில் ஒரு நூலளவு கீழே இறங்கியது. ஃபர்ஹானா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மாதாவே என்றார் டீச்சர்.

பாலம் நின்றது.

யாரும் சொல்லாமலே இலக்கியா குனிந்து, மிச்சமிருந்த குச்சியைச் சுண்டினாள்.

டிங்.

அதற்குள் மைக்கில் பெயர் வந்துவிட்டது. பாலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எடை சரி. மேடையில் எடைக்கல்லை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். அரங்கமே சேர்ந்து எண்ணியது. முந்தைய அணியைத் தாண்டியது. பாரிவேந்தன் சாரின் பள்ளியையும் தாண்டியது. அவருடைய பையன்கள்கூடத் தங்களை மறந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாலம் முனகியது, நின்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் கைகோத்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் கைக்குட்டை மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற பாரிவேந்தன் சாரிடம் மெல்லக் கேட்டார்.

"பிள்ளைங்க ஒட்டின குச்சி நல்ல குச்சிதானே. அது ஏன் சார் அப்ப சும்மா இருந்துச்சு?"

அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுக்குப் பாரமே போய்ச் சேரலையே, டீச்சர்."