எக்ஸ்ரேயில் தெரியாத காபித்தூள்

ஒரு ஊராம், அந்த ஊரில் யார் வீட்டுக் கிணறானாலும் இறங்கி வெட்ட ஒரே ஒருத்தராம். பேர் மாசானம். ஒருநாள் விடியற்காலையில் கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்தார். சேற்றிலிருந்து தூக்கினால், வலது முழங்காலுக்குக் கீழே கால் தொங்குகிறது. தோலைக் கிழித்து எலும்பு எட்டிப் பார்க்கிறது.

மனைவி சொர்ணத்தாய் அலறினாள். அலறியபடியே அடுப்படிக்கு ஓடினாள், வந்தாள், பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

"காலை எடுத்துருவாங்களோ?" என்று அவள் கேட்க, "ஏட்டி, அவங்க பாக்கும் முன்னாடி நீயே வெட்டிராத" என்றார் மாசானம், பல்லைக் கடித்துக்கொண்டு.

கட்டைப் பிரிக்காமலே எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மூன்று டாக்டர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"தகடு வைத்துத் திருகாணி போட்டால் எலும்பு துளி விலகாது" என்றார் முதலாமவர்.

"எலும்புக்குள் நீளக் கம்பி இறக்குவோம். சீக்கிரம் காலூன்றுவார்" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவரான டாக்டரம்மா படத்தை விட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார். "இங்கே யார் காபி குடிச்சது?"

யாரும் குடிக்கவில்லை. சொர்ணத்தாய் கால்கட்டைக் காட்டினாள். "ரத்தம் நிக்கட்டும்னு… ஒரு கை காபித்தூள் அப்பிட்டேன், தாயி."

கட்டைப் பிரித்தார்கள். தூளும் ரத்தமும் கிணற்றுச் சேறும் ஒன்றாய் இறுகி, எலும்பே கறுத்துக் கிடந்தது.

"கழுவிவிட்டு இன்றே தகடு வைப்போம்" என்றார் முதலாமவர்.

"கழுவிவிட்டு இன்றே கம்பி இறக்குவோம்" என்றார் இரண்டாமவர்.

"கழுவுவோம். காயத்தைவிட்டுத் தள்ளி மேலேயும் கீழேயும் எலும்பில் ஊசிகள் குத்தி, அவற்றைப் பிடிக்கக் காலுக்கு வெளியே இரும்புச் சட்டம் கட்டுவோம். மற்றதை அப்புறம் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: படத்திலிருந்த எலும்புக்கு மூன்றும் பொருந்தும். கட்டுக்குள் இருந்த காயத்துக்கு, அன்றைக்கு, டாக்டரம்மா சொன்னதே சரி. அழுக்கேறிய காயத்தில் தகடு வைத்தால் அதில் சீழ் ஒட்டிக்கொள்ளும். கம்பி அதை எலும்பின் உள்ளே கொண்டுபோகும். வெளியே நிற்கும் சட்டமோ காயத்தைத் தொடாது. அப்படியே கட்டிய சட்டத்தைப் பார்த்து, "யாத்தாடி, கால்ல பந்தல் போட்டிருக்காவளே!" என்று சொர்ணத்தாய் மயங்கியே விழுந்தாள். காயம் ஆறியபின் சட்டத்தைக் கழற்றிக் கம்பி இறக்கினார் இரண்டாமவர். பல மாதம் கழித்துக் கடைசியாய்க் காட்டவந்த அன்று, "காபித்தூள் இனிமே பாலுக்கு மட்டும்" என்றார் டாக்டரம்மா. சொர்ணத்தாய் வெட்கப்பட்டு முன்னால் ஓடிவிட்டாள். பின்னாலேயே மாசானம் போனார், இரண்டு காலையும் ஊன்றி.