பந்தியில் ஒரு கைத்துப்பாக்கி

கேள்வி சின்னது. கேட்டவர்தான் அதை மூன்று மாதம் மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, கைத்துப்பாக்கியை வெளியே தெரியற மாதிரி மாட்டிக்கறதா, சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கறதா?”

வல்லியம்மா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மலையடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தில் அவருடைய மடம். மடம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் ஓட்டுக் கூடம், ஓர் அடுப்படி, ஒரு குழாய். தினமும் மதியம் ஒருவேளை, வருகிறவர்களுக்குச் சோறு. அவ்வளவுதான். வல்லியம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. கேள்வி கேட்ட சீடர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. மேலே மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். எட்டு வருடமாக வந்து போகிறார்.

“எதுக்கு அது?” என்றார் வல்லியம்மா.

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொன்னுரங்கத்துக்கு ஒரே தம்பி, தனுஷ்கோடி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஓடுகிற ஓடை யாருக்கு என்று தகராறு. பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. போன ஆடியில் நாலு பேர் ஜீப்பை மறித்துப் பொன்னுரங்கத்தின் இடது தோளில் வெட்டினார்கள். தம்பி அனுப்பிய ஆட்கள் என்று இவர் நம்பினார். அடுத்த வாரமே தம்பியின் காப்பிக் கிடங்கு எரிந்தது. அண்ணன் வைத்த தீ என்று அவன் நம்பினான். போலீஸ் இரண்டையும் எழுதிக்கொண்டு போனதோடு சரி. அதற்குப் பிறகுதான் பொன்னுரங்கம் மனுப் போட்டு, லைசென்ஸ் வாங்கி, ரிவால்வர் வாங்கினார்.

இப்போது தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறான். பௌர்ணமியன்று மடத்துக்கு வருகிறானாம். அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறானாம். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாள்.

“வெளியே தெரிஞ்சா கையை ஓங்க மாட்டான். ஆனா, சமாதானம் பேசற இடத்துல துப்பாக்கியைக் காட்டறியான்னு எழுந்து போயிருவான். அப்புறம் இந்த ஜென்மத்துல வர மாட்டான். மறைச்சு வெச்சா உக்காருவான். ஆனா இவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு நினைச்சு ஏதாவது பண்ணிட்டா? எனக்கு அவனும் வேணும், உசிரும் வேணும்.”

“ரெண்டும் வேணுமா?”

“வேணும்.”

“சரி. இன்னைக்கு நீங்க பரிமாறுங்க. அது வெளியே தெரியட்டும்.”

பொன்னுரங்கம் வேட்டியை மாற்றிக் கால்சட்டை போட்டுக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டார். பெல்ட்டில் தோல் உறை, உறையில் ரிவால்வர். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் நுழைந்தார்.

சத்தம் நின்றது.

சடையப்பன் என்று ஒரு லாரி டிரைவர் உண்டு. சாம்பாரில் காய் இல்லை என்று தினமும் சண்டை பிடிப்பான். அவன் இலையில் கரண்டி விழுவதற்குள் இரண்டு கையையும் குறுக்கே நீட்டினான்.

“போதுங்கய்யா. ரொம்பப் போதுங்கய்யா.”

எல்லாரும் போதும் என்றார்கள். சீக்கிரமாகச் சாப்பிட்டார்கள், சீக்கிரமாக எழுந்தார்கள். கூடம் காலியான பிறகு பொன்னுரங்கம் தனியாக உட்கார்ந்து வயிறார உண்டார். முகத்தில் ஒரு மினுமினுப்பு.

“மரியாதைன்னா இதுதாம்மா மரியாதை. ஒரு சத்தம் இல்லை. சடையப்பன்கூட அய்யாங்கறான்!”

வல்லியம்மா அண்டாவின் தட்டை நகர்த்தினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

“இது?”

“போதும்னுட்டாங்க.”

“ரெண்டாந்தடவை கேட்டது யாரு?”

பொன்னுரங்கம் யோசித்தார்.

“யாரும் கேக்கலை.”

“சடையப்பன் காலையில சேலத்துல கிளம்பினவன். வழியில எங்கயும் சாப்பிட மாட்டான்.”

வல்லியம்மா மீந்த சோற்றில் தண்ணீரை ஊற்றினார்.

“நாளைக்கு உள்ளே வெச்சுக்கங்க. பரிமாற வேண்டாம். பந்தியில உக்காருங்க.”

அன்றிரவு பொன்னுரங்கம் மடத்திலேயே தங்கினார். மறுநாள் சட்டையை வெளியே விட்டு, ரிவால்வரை இடுப்பில் வலப்பக்கம் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சம்மணம் போட்டபோது அது விலாவில் குத்தியது. நிமிர்ந்துகொண்டார்.

கூடம் பழையபடி சந்தைக்கடையாக இருந்தது.

“ஏம்ப்பா, இது சாம்பாரா, மஞ்சத் தண்ணியா? காய் எங்க போச்சு, கோயிலுக்கா?” சடையப்பன்தான்.

பொன்னுரங்கத்துக்கு நேரெதிரே புது ஆள் ஒருவன். தடித்த உடம்பு, மேலே துண்டு. துண்டுக்குள் இடது கை. இவரையே பார்ப்பது போலிருந்தது. யாராக இருக்கும்? தம்பி முன்கூட்டியே அனுப்பியவனா? பொன்னுரங்கம் வலது கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். குழம்பு வந்தது, ரசம் வந்தது. அவர் இலையில் எல்லாம் குளமாகக் கூடி நின்றது.

“என்னங்க, சாப்பிடலையா?” என்றான் அவன்.

“வேண்டாம்.”

“அப்போ அந்த அப்பளத்தை இப்படித் தள்ளுங்க.”

பிறகு தெரிந்தது, பலாப்பழ வியாபாரி. துண்டுக்குள் இருந்த கையில் தேள் கொட்டி வீங்கியிருந்தது.

பந்தி எழுந்தது. பொன்னுரங்கத்தின் இலை அப்படியே கிடந்தது. வல்லியம்மா வந்து நின்று பார்த்தார்.

“ஏன்?”

“கையைச் சோத்துல வெச்சுட்டா அதை எடுக்க முடியாதேம்மா. வழுக்கும்.”

“இடது கை இருக்கே.”

“அந்தத் தோள்தானே வெட்டுப்பட்டது. துப்பாக்கி தூக்க வராது.”

“அப்ப இடது கையால சாப்பிட்டிருக்கலாம்.”

“பந்தியில எப்படிம்மா இடது கையால…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வல்லியம்மா சிரித்துவிட்டார்.

“நாளைக்கு அவன் வர்றான்” என்றார் பொன்னுரங்கம். கொஞ்சம் கோபமாகவே. “நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலை.”

“நாளைக்கும் இலை போடுவோம்.”

மடத்தில் ஒருவேளைதான் அடுப்பு எரியும். அன்றிரவு பொன்னுரங்கம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்.

பௌர்ணமி. உச்சி வெயிலில் தனுஷ்கோடி தனியாக வந்தான். பதினோரு வருடத்தில் முன்தலை வழுக்கையாகியிருந்தது. எப்போதும் சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போடுகிறவன், அன்று தொளதொளவென்று வெளியே விட்டிருந்தான். அண்ணனுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தான். கும்பிடவில்லை. தலையை மட்டும் அசைத்தான்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது.

தனுஷ்கோடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில்.

பொன்னுரங்கத்துக்கு அது எந்த மாதிரி உட்காருவது என்று தெரியும். நேற்று அவர் உட்கார்ந்த மாதிரி. அவருடைய வலது கையும் மடியில்தான் இருந்தது, சட்டைக்குள் செருகிய ரிவால்வருக்குப் பக்கத்தில்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுற்றிலும் எல்லாரும் பிசைந்து உண்டார்கள். இரண்டு இலையில் மட்டும் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பொன்னுரங்கத்தின் வயிறு இரைந்தது. சின்னச் சத்தம் இல்லை. ஜீப் மேடேறுகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். பக்கத்திலிருந்த சடையப்பன் திரும்பிப் பார்த்தான்.

“யாருங்கய்யா அது, உள்ளே?”

தனுஷ்கோடியின் வாயோரம் துடித்தது. அவன் அடக்கிப் பார்த்தான். முடியவில்லை.

“அண்ணே,” என்றான், “நேத்திலேர்ந்து சாப்பிடலையா நீ?”

“முந்தாநாள் மத்தியானத்திலேர்ந்து.”

பொன்னுரங்கம் வலது கையை எடுத்துச் சோற்றில் வைத்தார். மணிக்கட்டு வரைக்கும் சாம்பார். பிசைந்தார். உருட்டினார். வாயில் போட்டார். தம்பியின் கையைப் பார்க்க நினைத்தார். அதற்குள் இரண்டாவது கவளம் வந்துவிட்டது.

மூன்றாவது கவளத்தில் தலையை நிமிர்த்தியபோது, தனுஷ்கோடி ரசத்துக்குச் சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் பருக்கை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் இலையைப் பார்த்தபடி கேட்டான்.

“தோள் எப்படி இருக்கு?”

“மழைக்கு வலிக்கும்.”

“நான் அனுப்பலைண்ணே.”

பொன்னுரங்கம் மென்று விழுங்கினார்.

“உன் கிடங்குல தீ வெச்சது நான் இல்லை.”

“ம்.”

“மோர் வருது. வாங்கிக்க.”

வாங்கிக்கொண்டான். இருமுறை வாங்கிக்கொண்டான். ஓடையைப் பற்றி அன்று பேசவில்லை. வியாழக்கிழமை சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் கையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் போனான்.

பொன்னுரங்கம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். வல்லியம்மா அண்டாவைச் சாய்த்து அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அவனும் உள்ளே வெச்சிருந்தான்.”

“பார்த்தேன்.”

“இருந்தும் நான்தான் முதல்ல கையை வெச்சேன். மூத்தவன் நான். அவன் அப்புறந்தான் வெச்சான். பந்தியில அத்தனை பேரும் பார்த்தாங்க. ஊர்ல என்ன பேசுவாங்க?”

“பசிச்சவரு சாப்பிட்டாருன்னு பேசுவாங்க. வழியை விடுங்க, நான் இன்னும் சாப்பிடலை.”