உள்பக்கப் பூச்சு

ஊர் ஊராகப் போகும் துறவி நல்லம்மைக்கு வீடென்று இருந்தது ஒரு கேரவன்தான். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. ஐப்பசி மழையில் அதன் பக்கச் சுவர் இற்றுப்போகவே, கரூரில் மாரப்பனின் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மாரப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருடைய சீடர்.

மாரப்பன் வெளித் தகரத்தைக் கழற்றி மரச்சட்டத்தைத் தொட்டார். கையோடு பொடியாக வந்தது. உள்பலகையின் இணைப்பு முழுக்க யாரோ ஒழுகல் அடைக்கும் சிலிகான் பசையைப் பூசியிருந்தார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்த மடையனுங்கம்மா இதப் பூசினது? ஒழுகுனா வெளிப்பக்கமா அடைக்கோணும். உள்ள அடைச்சா, வந்த தண்ணி போக வழியில்லாம மரத்தைத் தின்னுபோடுமில்லீங்களா?"

நல்லம்மை பேச்சை மாற்றினார். "புதுசா எப்படிக் கட்டறதா இருக்கீங்கண்ணா?"

"ரெண்டு வழி இருக்குதுங்க. ஒண்ணு இதாட்டம் மரச்சட்டம் அடிச்சு, வெளிய தகரம், உள்ள பலகை. எடை கூட. ஒழுகுனா உடனே கறை காட்டிக் குடுத்துரும். இன்னொண்ணு ஒட்டுச் சுவருங்க. ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவுல ஃபோம் வெச்சு, பசை போட்டு அழுத்தறது. எடை கம்மி. கறையே தெரியாது."

"தண்ணி வராதுங்களா?"

"வருமுங்க. தெரியாது. ஒரு நாளைக்குப் பசை விட்டுப் போயி, சுவரே உப்பி நிக்கும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனாலும் எனக்கு அதுதானுங்க புடிச்சிருக்குது."

சுவரைப் பற்றியென்றால் அவருக்கு நாக்கு தடையில்லாமல் ஓடும். போன வருடம் புரட்டாசியில் மகன் கவின் லாரியில் அடிபட்டுப் போனான். அதிலிருந்து வேறு எதைப் பற்றியும் அவர் வாய் திறப்பதில்லை. திறந்தால் எங்கே போய் நிற்குமோ என்று பயம்.

"பாவாயக்கா எப்படி இருக்காங்க?"

"என் சம்சாரத்துக்கு என்னங்க, தைரியசாலி. பையன எடுக்கறன்னிக்கே சொன்னனுங்க, சனம் பாக்குது, அழுவாதேன்னு. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு விடலீங்க."

குரலில் பெருமை இருந்தது. பிறகு அது இறங்கியது.

"ஆனா கொஞ்ச நாளா சோறு எறங்கறதில்லீங்க. கூப்புட்டாத் திரும்பறதில்ல. டாக்டரு ஒண்ணுமில்லீங்கறாரு. எனக்குத்தான் அவளும் போயிருவாளோன்னு இருக்குதுங்க."

பட்டறைக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நல்லம்மை பலகையிலிருந்து சிலிகானை ஒரு துண்டு உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதப் பூசினது நீங்கதாண்ணா. கவினோட காரியம் முடிஞ்ச மறுநாள் என் வண்டிக்கு வந்தீங்க. சுவத்துல கறையப் பாத்தீங்க. பாக்க சகிக்கலீன்னு உள்பக்கமாவே பூசிட்டுப் போனீங்க."

மாரப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் இழுத்த தடம் அப்படியே இருந்தது. தொழிலுக்கு வந்த புதுசில்கூட அவர் செய்யாத தப்பு. பூசியதாக நினைவே இல்லை.

"எந்தச் சுவரு கட்டட்டுமுங்கம்மா?" என்றார், வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல்.

"வண்டி கிடக்கட்டும்," என்றார் நல்லம்மை. "வீட்டுக்குப் போங்க. அக்கா முன்னால உக்காந்து, மொதல்ல நீங்க அழுவுங்க."