காலுக்கு ஆன தண்ணீர்

வெண்மணற்பட்டி மாதா கோயிலின் கோபுரத்தைப் பார்த்து, என்ன வெள்ளை என்று வியக்காதவர் இல்லை. அந்த வெண்மைக்குச் சுண்ணாம்பைக் காலால் மிதித்துக் கொடுத்தவர் இன்னாசியம்மாள். கோபுரத்துக் கல்வெட்டில் நாட்டாண்மை சிங்கராயரின் பெயர் இருக்கிறது. மேலத்தெருப் பெரியவர்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. மிதித்த கால்களைக் கல்லில் வெட்டும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், இந்த அடியாரின் கதையை வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

அவர் கீழத்தெருவில் பிறந்தவர். கொள்ளிடக் கரையில் சிங்கராயருக்குச் சொந்தமான, சுண்ணாம்பு சுடும் காளவாய் ஒன்று இருந்தது. அங்கே நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் குழியில் கொட்டி, வெறுங்காலால் மிதித்துப் பதமாக்குவது அவருடைய வேலை. சுண்ணாம்பு அவருடைய பாதங்களைத் தின்றுவிட்டது. வெடிப்பும் புண்ணுமாக இருந்த அந்தக் கால்களில் பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரியும். தெருப்பிள்ளைகள் "வெள்ளக்காலி, வெள்ளக்காலி" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வருவார்கள். அவரோ குழியில் இறங்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். ஒரு மிதிக்கு ஒரு வார்த்தையாக, மாதாவை வாழ்த்தும் அருள்நிறை மந்திரம் சொல்லி மிதிப்பார். கணவர் காளவாய் சரிந்து இறந்தபோதும், அடக்கம் முடிந்த மறுநாள் அதே குழியில் அதே மந்திரத்தைச் சொல்லித்தான் மிதித்தார்.

அவருக்கு வாய்த்த பெரிய பேறு ஒன்று உண்டு. பெரிய வியாழனன்று கோயிலில் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்துச் சாமியார் அவர்களுடைய பாதங்களைக் கழுவுவார். சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்த தாழ்மையை நினைவுகூரும் சடங்கு அது. வெண்மணற்பட்டியில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் மேலத்தெருவுக்கே சொந்தம். அப்பன் செத்தால் மகன் உட்காருவான். தாழ்மைக்கு இத்தனை அடிதடி நடந்த ஊர் வேறு இருக்காது. தண்ணீர் மட்டும் ஆற்று ஊற்றிலிருந்து வர வேண்டும் என்பது முன்னோர் வழக்கம். பங்குனி வெயிலில் சுடுமணலில் இறங்கி ஊற்றுத் தோண்ட மேலத்தெருவில் யாருக்கு இடுப்பு வளையும்? அந்த வேலை இன்னாசியம்மாள் தலையில் விழுந்தது.

அவர் தம் மண்பானையில் தண்ணீர் சுமந்து வந்து கோயில் மதிலுக்கு வெளியே நிற்பார். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பித்தளைக் குடத்தை நீட்டுவார். பானை குடத்தில் படாமல் ஊற்ற வேண்டும். அவருடைய பானைத் தண்ணீர் மேலத்தெருவின் காலுக்கு ஆகும், வாய்க்கு ஆகாது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் நம் ஊர்களில் ஆயுசு கெட்டி. இன்னாசியம்மாளோ அதையெல்லாம் பெரிதாக எண்ணாமல், "என் தண்ணியிலதான சாமி காலக் கழுவுறாரு" என்று சொல்லி அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுதும் காத்திருந்தார்.

அவருக்கு ஆறாத துக்கமும் ஒன்று இருந்தது. இளவயதில் ஒரு முறை ஊரில் வாந்திபேதி வந்தபோது அவருடைய ஒரே மகன் சூசை படுத்தான். பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் உடனே உயிர் போய்விடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். இன்னாசியம்மாளும் பயந்தார். பிள்ளை "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கேட்டே நாக்கு வறண்டு செத்தான். பக்கத்திலேயே நிறைபானை இருந்தது. அதற்குப் பிறகு கேட்டவர் எவருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை அவர்.

கோபுரம் கட்டி முடிந்த ஆண்டு, தை மாதம், மறுபடியும் வாந்திபேதி ஊருக்குள் வந்தது. வசதியுள்ளவர்கள் வண்டி கட்டினார்கள். கிளைக்கிராமத்துக்குப் பூசைக்குப் போன பங்குச் சாமியார், வழி சரியில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார். வழி எப்போதும்போலத்தான் இருந்தது. சிங்கராயரை நோய் பிடித்ததும் அவருடைய இரண்டு மகன்களும் பெண்டுபிள்ளைகளை அழைத்துக்கொண்டு அக்கரைக் களத்துவீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது வாசலில் வேப்பிலை செருக மறக்கவில்லை.

உச்சிவெயிலில் ஊற்றிலிருந்து பானையோடு திரும்பிய இன்னாசியம்மாளுக்கு அந்தப் பெரிய வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அவர் அஞ்சாதவர் அல்லர். நோய்க்கு அஞ்சினார். அதைவிட அந்தப் படிக்கு அஞ்சினார், ஏனென்றால் கீழத்தெருக்கால் அதுவரை அதை மிதித்ததில்லை. தெருவிலேயே நின்று கூப்பிட்டுப் பார்த்தார்.

"எசமான்! உள்ள யாரு இருக்கா எசமான்?"

"தண்ணி..." என்றது குரல்.

சூசையின் குரல் அவர் காதில் ஒலித்தது. "சேசுவே, கூட வாரும்" என்று சொல்லிப் படியேறினார்.

சிங்கராயர் தம் அழுக்கிலேயே கிடந்தார். இன்னாசியம்மாள் அவருடைய தலையைத் தூக்கிப் பிடித்து, பானையைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நோய் இறங்கும்வரை தினமும் போனார். துடைத்தார், துணி அலசினார், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். நினைவு திரும்பிய ஒரு பொழுதில் சிங்கராயர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாண்டி என்னப் பெத்த ஆத்தா" என்று சொல்லி அழுதார். மனிதன் உண்மை பேசுவதற்கு அவ்வளவு பெரிய நோய் வேண்டியிருந்தது.

அவர் பிழைத்தார், ஓடியவர்கள் திரும்பினார்கள். சாமியாருக்கும் வழி சரியாகிவிட்டது. சிங்கராயரின் இளைய மகனுக்கு அக்கரையில் பெரிய இடத்துச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. பெண் வீட்டார் ஆள் அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: நாட்டாண்மை கீழத்தெருப் பானையில் வாய் வைத்துக் குடித்தாராமே, உண்மையா?

வாந்திபேதிக்குக்கூட அப்படி நடுங்காத சிங்கராயர் இந்தக் கேள்விக்கு நடுங்கிப்போனார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முன்றிலில் ஊரைக் கூட்டினார். பெண் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். நாற்காலிக்குரிய மற்றப் பதினொரு பேரும், இன்னாசி அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர் போய்வந்தது அவர்களில் எவருக்கும் தெரியாததில்லை. சாமியார் தூணருகே நின்று செபப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். கோபுரத்துக்குச் சுண்ணாம்பு யாருடைய காளவாயிலிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

"இன்னாசி, நோவு வேகத்துல நான் என்னென்னவோ பொலம்பியிருப்பேன். நீ எங்க வீட்டுப் படி ஏறல. அத மட்டும் சொல்லிட்டுப் போ. ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்றார் சிங்கராயர். குரல் மெதுவாகத்தான் இருந்தது, கெஞ்சல்போலக்கூட இருந்தது.

இன்னாசியம்மாளின் வேலை சிங்கராயர் கொடுத்தது, குடிசை நின்ற இடமும் சிங்கராயருடையது. இல்லை என்ற ஒரு சொல்லில் எல்லாம் நிலைக்கும். இன்னாசியம்மாள் கோயில் வாசலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏறுனேன் எசமான். தண்ணி குடுத்தேன். எம்புள்ளைக்குப் பயந்துகிட்டுக் குடுக்காத தண்ணி அது. சர்வேசுரன் அன்னிக்கு எனக்குத் தைரியம் குடுத்தாரு. இன்னிக்கு அத இல்லன்னு சொன்னா, அவரையே இல்லன்னு சொன்னதாயிரும்."

சம்பந்தம் முறிந்தது. இன்னாசியம்மாளின் வேலை போனது, குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அவரோடு பேசக் கூடாது, நெருப்புக்கூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டளை ஆயிற்று. கடைசியாகச் சிங்கராயர், "பெரிய வியாழனுக்கு ஊத்துத் தண்ணியும் நீ கொண்டாரக் கூடாது. எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி வரும்" என்றார். மற்றதற்கெல்லாம் பேசாமல் நின்றவர் இதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அவருடைய தெருக்காரர்களே ஏசினார்கள். "ஒரு வார்த்த இல்லன்னு சொல்லித் தொலைச்சா என்னக்கா? மாதா கோவிச்சுக்குவாளா?" என்றாள் அடுத்த குடிசை ஆரோக்கியம், யாரும் பார்க்காதபோது வந்து. "எனக்கும் பயமாத்தாண்டி இருக்கு. பயந்து ஒரு தடவ புள்ளயக் குடுத்துட்டேன். இன்னும் என்னத்தக் குடுக்கச் சொல்ற?" என்றார் இன்னாசியம்மாள். ஆற்றங்கரைப் புன்னை மரத்தடியில் தங்கி, சுள்ளி பொறுக்கி வெளியூரில் விற்று, பெரிய வியாழனுக்கு முந்திய தவக்காலத்தைக் கழித்தார்.

பெரிய வியாழன் வந்தது. கொண்டுவரக் கூடாது என்று சொல்லியும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஊற்றுத் தோண்டி, பானையை நிரப்பி, மதிலுக்கு வெளியே வழக்கமான இடத்தில் வந்து நின்றார். உபதேசியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே பன்னிரண்டு பேரும் சலவை வேட்டியில் அமர்ந்திருந்தார்கள். சிங்கராயர் வீட்டு வேலைக்காரப் பெண் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் கொண்டுவந்து வைத்தாள். சாமியார் மண்டியிட்டு, முதல் நாற்காலியில் இருந்த சிங்கராயரின் வலது பாதத்தில் தண்ணீரை வார்த்தார். சிங்கராயர் அலறிக்கொண்டு எழுந்தார். நீற்றிய சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியதுபோல் எரிந்தது. நனைந்த சாமியாரின் கைகளும் எரிந்தன. குடத்தை மாற்றினார்கள், வேறு கிணற்றில் இறைத்தார்கள். பன்னிரண்டு பாதங்களும் எரிந்தன. அந்த வேலைக்காரப் பெண்ணோ குடத்தில் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்து, "சும்மா பச்சத் தண்ணிதான் சாமி" என்றாள்.

"வெளிய நிக்கிறாளே, அவ வச்ச செய்வினை!" என்று ஒருவர் கத்தினார்.

சாமியார் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தார். தூணருகே நின்று புத்தகம் புரட்டிய கைகள் அவை. பிறகு எழுந்து, அங்கியின் மேல் கட்டிய துண்டோடு நடுக்கோயில் வழியாக நடந்து, மதில் வாசலைத் தாண்டி வெளியே போனார். ஊர் முழுக்கப் பின்னால் வந்தது.

"அம்மா, உட்காருங்க" என்றார்.

"தோத்திரம் சாமி. ஐயோ, இது எம் பானைத் தண்ணி. என் காலு புண்ணுக்காலு..."

"உட்காருங்கம்மா. நானும் பயந்தவந்தான். மன்னிச்சிருங்க."

நாற்காலி ஏது? அவர் புழுதியில் உட்கார்ந்தார். சாமியாரும் புழுதியில் மண்டியிட்டு, எரியும் கைகளால் அந்தப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து அந்த வெள்ளைக் கால்களைக் கழுவினார். எப்போதும் எரியும் புண் அன்று எரியவில்லை. "குளுகுளுன்னு இருக்கு சாமி" என்று சொல்லிக் குழந்தைபோல் சிரித்தார் இன்னாசியம்மாள். அதே நொடியில் சாமியாரின் கைகளிலும் எரிச்சல் நின்றது. தம் அடியாரைச் சர்வேசுரன் கைவிடவில்லை என்பதை ஊர் தன் இரு கண்ணாலும் பார்த்தது. பதினொரு பேரில் சிலர் வெட்கத்தோடு வந்து காலை நீட்டினார்கள். இன்னாசியம்மாள் தம் கையாலேயே தண்ணீர் வார்க்க, அவர்களுக்கும் ஆறியது.

சிங்கராயர் மட்டும் வரவில்லை. காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இன்னாசியம்மாள் மிச்சத் தண்ணீரோடு பின்னாலேயே போனார். அந்தப் படியில் மறுபடியும் ஏறிக் கதவைத் தட்டினார்.

"எசமான், ஒரு கை தண்ணி ஊத்திக்கிங்க. ஆறிரும்."

உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. பிறகு குரல் வந்தது. "போயிரு இன்னாசி... யாராச்சும் பாத்துருவாங்க." அவர் பானையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். அதைத் தொட அந்த வீட்டில் எவருக்கும் தைரியம் வரவில்லை. காக்கை குடித்தது, வெயில் குடித்தது. சிங்கராயர் சாகும்வரை காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டுதான் நடமாடினார்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாமியாரை மேலத்தெருக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு மாற்றல் வாங்க வைத்தார்கள். மறு வருஷம் நாற்காலிகள் பன்னிரண்டும் பழையபடியே நிறைந்தன. தண்ணீருக்கு மட்டும் மறுபடி இன்னாசியம்மாளைத் தேடிப் போனார்கள், கால் மறுபடி எரியுமோ என்ற பயத்தால். அவரும் மனங்கோணாமல் சுமந்தார். புண் ஆறிய கால்களோடு சில காலம் வாழ்ந்து, அருள்நிறை மந்திரம் பாதியில் இருக்கும்போது கண்மூடினார். கல்லறைத் தோட்டத்திலும் கீழத்தெருப் பக்கத்தில்தான் இடம் கொடுத்தார்கள்.

அந்தக் கல்லறைமேல் ஒரு பானைத் தண்ணீர் வைத்துவிட்டு வருவது இப்போதும் சிலருக்கு வழக்கம். தாகத்துக்குக் கொடுத்தார், கொடுத்தேன் என்று அஞ்சாமல் சொன்னார், அவ்வளவுதான் அவர் செய்தது. நம்மில் பலரால் அதுகூட ஆகவில்லை. அந்த இன்னாசியம்மாளின் வெள்ளைக் கால்களைப் போற்றுவோம்.