பன்னிரண்டு கிலோ

எங்கள் குழந்தைகள் வார்டில் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்குச் செய்த தப்பைச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும்.

யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் சீஃப் டாக்டர் சிவசைலம் முதலில் தன் தப்பைச் சொல்லுவார். சொல்லி முடித்த பிறகுதான் தம்ளரை எடுப்பார். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா டீயை எடுத்துக் குடிக்க யாருக்கு மனம் வரும்?

தெற்கே ஒரு ஊரில் அரசு ஆஸ்பத்திரி. குழந்தை மருத்துவம் படிக்க வந்தவர்கள் மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஆறு பேர் இருந்தோம். முதல் வருடத்தில் நானும் வேணியும். படிப்பு என்று பெயர், குடியிருந்தது வார்டில். டீ குடித்த அறை முன்பு துணிமணி அடுக்கி வைக்கும் அறையாக இருந்தது. நாற்காலி நான்குதான். முதல் வருடத்துக்காரர்களுக்கு ஜன்னல் கட்டை. கேன்டீனிலிருந்து டீயும் உளுந்து வடையும் வாங்கி வருவதும் எங்கள் வேலை. வரும் வழியில் ஒரு வடை குறையும். கணக்கு எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இன்று எனக்கு ஏசி அறை இருக்கிறது, சுழலும் நாற்காலி இருக்கிறது. அந்த ஜன்னல் கட்டைக்கு ஏங்குகிறேன் என்று சொன்னால் என் மகள் சிரிக்கிறாள். அங்கே சிரித்ததைப் போல நான் வேறெங்கும் சிரித்ததில்லை. அங்கே பயந்ததைப் போலவும் பயந்ததில்லை.

"மூணாம் பெட் பையன்கிட்ட ஊசி வலிக்காதுன்னு சொன்னேன்" என்றார் சீஃப் ஒருநாள். "வலிச்சுது. இனிமே நான் எதைச் சொன்னாலும் நம்பமாட்டான். அவன் பக்கம்தான் நியாயம்." தம்ளரை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வருட நூர்ஜஹான் அக்கா, விடாமல் அழுத குழந்தையின் வயிற்றை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் காதைப் பார்க்க மறந்ததைச் சொன்னார். வலி காதில் இருந்திருக்கிறது. வேணி, ரெட்டைச் சடையும் பூவுமாக வந்த குழந்தைக்குச் சீட்டில் பெண் என்று எழுதிவிட்டாள். குலதெய்வத்துக்கு இன்னும் முடி இறக்காத பையன். அதை வைத்தே அவளை ஒரு மாதம் ஓட்டினோம்.

கேலி செய்யலாம். தோண்டித் துருவக் கூடாது. அவ்வளவுதான் விதி.

"தப்பே பண்ணாத நாள்னு ஒண்ணு வராதா சார்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வருமே. லீவு போடுங்க டாக்டர்" என்றார்.

எங்களை அவர் 'நீங்க' என்றுதான் பேசுவார். முதல் வருடத்துப் பொடியன்களையும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்த வருடம் நாங்கள் சேர்ந்ததே காய்ச்சல் சீசனில். ஒரு பெட்டில் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தார்கள். வந்து பையை வைத்த அன்றே டூட்டியில் இறக்கிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. பேச்சியம்மாள் என்ற பெண் தன் மகன் இசக்கிராஜைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு வயது. காய்ச்சலோடு வலிப்பு வந்திருந்தது. தலை ஸ்கேன் எடுக்கச் சொன்னார் சீஃப். பிள்ளை அசையாமல் படுத்தால்தான் ஸ்கேன் எடுக்க முடியும், அதனால் தூக்க மருந்து கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு வரச் சொல்லி ஸ்கேன் அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு எந்த மருந்தும் எடையைப் பார்த்துத்தான். ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்க வேண்டும். எடை மெஷின் கீழே ஓ.பி.யில் இருந்தது. அங்கே தடுப்பூசிக்கு வந்த முப்பது அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். இசக்கிராஜ் ஸ்வெட்டரும் குல்லாவும் போர்வையுமாக ஒரு மூட்டையாக இருந்தான். பிரித்தால் அழுவான்.

புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. வயதோடு நாலைக் கூட்டு, ரெண்டால் பெருக்கு. இரண்டு வயசுக்குப் பன்னிரண்டு கிலோ. பரீட்சையில் அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். சீட்டில் பன்னிரண்டு என்று எழுதினேன். மருந்தைப் பெருக்கி எழுதினேன்.

எஸ்தர் சிஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் அந்த வார்டிலேயே வேலை பார்த்தவர்.

"எடை பார்த்தீங்களா டாக்டர்?"

"பார்த்தேன் சிஸ்டர்."

அவர் மருந்தை அளந்து பிள்ளையின் வாயில் ஊற்றினார்.

ஸ்கேன் நல்லபடியாக வந்தது. பிள்ளைதான் எழுந்திருக்கவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மூச்சு மேலோட்டமாக இருந்தது. நூர்ஜஹான் அக்கா ஆக்ஸிஜன் வைத்தார். சீஃப் வந்தார். போர்வையைப் பிரித்தார், ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு குச்சிப் பிள்ளை படுத்திருந்தது. தானே தூக்கிக்கொண்டு கீழே போய் எடை பார்த்துவிட்டு வந்தார். எட்டுக் கிலோ.

சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வேறு யாரிடமும் காட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

அன்று டீ இல்லை. ஆறு பேரும் அந்தக் கட்டிலைச் சுற்றியே நின்றோம். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டேன். நாலேகாலுக்கு இசக்கிராஜ் கண்ணைத் திறந்து "தண்ணி" என்றான்.

பேச்சியம்மாள் அதுவரை அழாமல் இருந்தவள், அப்போதுதான் வெடித்தாள். எஸ்தர் சிஸ்டரைக் கையை நீட்டிக் காட்டினாள்.

"இந்தா, இவதான் ஊத்துனா. எங் கண்ணால பாத்தேன். எம்பிள்ளைய என்ன செஞ்சா கேளுங்க."

"அவங்க மேல தப்பில்லைம்மா" என்றார் சீஃப். "மருந்து கூடிப்போச்சு. தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிருங்க." கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

"நீங்க அப்ப இங்கன இல்லவே இல்லையே அய்யா. எதுக்கு இவளுக்குப் பரிஞ்சிக்கிட்டு வாரீய?"

எஸ்தர் சிஸ்டர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கே என்னையும் வேணியையும் ஓ.பி.க்கு வரச் சொன்னார் சீஃப். போனால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எடை மெஷின் பக்கத்தில் நிற்கிறார். வருகிற குழந்தையை எல்லாம் தானே வாங்கி எடை போட்டார். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். கொலுசு, காப்பு, அரைஞாண் எதுவும் தப்பவில்லை. அழுகிற பிள்ளை அடங்கும்வரை காத்திருந்தார்.

"சட்டுனு போடுங்க அண்ணாச்சி, பஸ்ஸு போயிரும்" என்று ஒரு அம்மா அதட்டினாள். அட்டெண்டர் என்று நினைத்துவிட்டாள்.

"இந்தா ஆச்சும்மா" என்றார் சீஃப்.

நூர்ஜஹான் அக்கா எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். "எங்க பேட்ச்சுக்கு வந்த முதல் நாளே இதுதான் பாடம்" என்றார். "ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே விடலை. நாலு நாள் இந்த மெஷின்தான்."

எங்களுக்கு அந்த நாலு நாள் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அன்று இரண்டரைக்கு டீ வந்தது. சீஃப் சொன்னார்: "நேத்து எட்டுக் கிலோக் குழந்தைக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு உண்டான மருந்து போயிருச்சு. எடை பார்க்கலை. என் தப்பு."

தம்ளரை எடுத்துக்கொண்டார். யாரும் கேலி செய்யவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவு வருடம் கழித்தும் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரிய மனுஷர், நம்மைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணில் நீர்கூட வந்தது. என் முறை வந்தபோது, லேபிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை வாங்கி வர மறந்துவிட்டதாகச் சொன்னேன்.

"சரி. டீ எடுத்துக்குங்க டாக்டர்" என்றார்.

ஆனால் வார்டில் பேச்சியம்மாள் எஸ்தர் சிஸ்டரைக் கட்டிலின் பக்கம் அண்டவிடவில்லை. அவர் மருந்துத் தட்டோடு வந்தாலே பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாக்களும் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி, பாட்டிலைக் காட்டிவிட்டு ஊற்றச் சொன்னாள். சிஸ்டர் காட்டிவிட்டு ஊற்றினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் எப்போதும் போல, "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று இசக்கிராஜுக்கு டிஸ்சார்ஜ். வீட்டுக்குக் கொடுத்துவிடும் மருந்தை எஸ்தர் சிஸ்டர் நீட்டினார். பேச்சியம்மாள் வாங்கவில்லை. வேறொரு நர்ஸைக் கூப்பிட்டு, அவள் கையால் வாங்கிப் பையில் வைத்தாள். சிஸ்டர் திரும்பி ஸ்டோர் அறைக்குப் போனார். கதவிடுக்கில் பார்த்தேன். பஞ்சை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி வைத்ததையே பிரித்து மறுபடி சுருட்டினார்.

டீ முடிந்ததும் சீஃப்பின் பின்னாலேயே அவர் அறைக்குப் போனேன்.

"சார், அது என் தப்பு."

"எது?"

"எடை. நான்தான் பார்க்காம எழுதினேன். உங்களுக்குத் தெரியும். எனக்காக ஏன் சார் நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உங்களுக்காகவா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்க சேர்ந்த அன்னைக்கு எடை மெஷின்கிட்ட உங்களை யார் கூட்டிட்டுப் போனா?"

"யாரும் போகலை சார்."

"வருஷா வருஷம் நான்தான் கூட்டிட்டுப் போவேன். இந்த வருஷம் கூட்டத்தைப் பார்த்துட்டு, நேரமில்லைன்னு உங்களை அப்படியே உள்ளே தள்ளிட்டேன். அது என் தப்பு. அதைத்தான் அந்தம்மாகிட்டயும் சொன்னேன், டீயிலயும் சொன்னேன். அடுத்தவங்க தப்பைச் சொல்லி டீ குடிக்கிற ஆள் நான் இல்லை டாக்டர்."

மேஜை இழுப்பறையிலிருந்து இசக்கிராஜின் கேஸ் ஷீட்டை எடுத்தார். நர்ஸ்கள் எழுதும் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். எஸ்தர் சிஸ்டரின் நீல மை. திங்கட்கிழமை, காலை ஒன்பதே முக்கால். 'எடை பார்த்ததாக டாக்டர் கூறினார்.'

"இது என்னோடதா?" என்று கேட்டார்.

வெளியே வராந்தாவில் யாரோ பிள்ளைக்கு நிலாவும் காக்காவும் காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை சார்."

அவர் கேஸ் ஷீட்டை மூடினார்.

"நான் இப்ப என்ன செய்யணும் சார்?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா மூணரை பஸ்ஸுக்குப் போறாங்க. எஸ்தர் சிஸ்டரையும் கூட்டிக்கிட்டுப் போங்க டாக்டர்."