பிளக்கின் கழுத்து

“எனக்குக் காவி குடுத்துடுங்கம்மா” என்றார் தெய்வநாயகம். “வீட்டோட தொடர்பே வேண்டாம்.”

ஜவுளிக்கடையை மகள் முத்தரசியிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். மடத்தின் குருவம்மா அவரைவிட வயதில் இளையவர்.

“என்ன ஆச்சு?”

“பேத்திக்குக் காதுகுத்து. மக போன் மேல போன் போடுறா. ‘வருவீங்களா, மாட்டீங்களா’ன்னு மறுபடி மறுபடி கேட்டதும் கத்திட்டேன். அழுதுட்டா. விடியக்காலையில உக்காந்து சேத்த அமைதியெல்லாம் ஒரே நிமிஷத்துல போச்சு.”

மகள் என்றால் அவருக்கு உயிர்.

“அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க” என்றார் குருவம்மா.

குருவம்மாவின் மடியில், தியான மண்டபத்து வாக்குவம் கிளீனரின் பிளக் கிடந்தது.

அந்த மெஷின் ஒரு பழம்பெருச்சாளி. ஓடும், நிற்கும். பிளக்கை ஒட்டி ஒயரை ஒரு தினுசாக வளைத்துப் பிடித்தால்தான் உறுமும். மற்ற மடங்களில் பூப்பறிக்க முறை வைப்பார்கள். இங்கே ஒயர் பிடிக்க முறை வைத்திருந்தார்கள். ஒருவர் கம்பளத்தைச் சுத்தம் செய்ய, இன்னொருவர் சுவரோரம் குந்தியிருப்பார். அந்தச் சேவையில் தெய்வநாயகம் கைதேர்ந்தவர்.

பிளக்கைத் திறந்தார்கள். உள்ளே செப்பு இழைகள் அறுந்து, ஏதோ இரண்டு மூன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

“ஆளாளுக்கு இழுத்தா அறாம என்ன செய்யும்? ஒயரை யாரும் இழுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்கம்மா.”

“மண்டபம் பெருசு. இழுக்காம எப்படிச் சுத்தம் பண்றது?”

தெய்வநாயகம் கத்தரியை எடுத்துக் கொடுத்தார்.

குருவம்மா நைந்த நுனியை வெட்டிப் போட்டார். ஒயரின் தோலைச் சீவி, இழைகளை முறுக்கி, திருகாணிகளில் மாட்டி இறுக்கினார். வேலை முடிந்தது என்று தெய்வநாயகம் மூடியை நீட்டினார்.

குருவம்மாவோ ஒரு சின்னத் தகட்டை எடுத்து, பிளக்கின் கழுத்தில் ஒயரின் ரப்பர் தோலை அழுத்திப் பிடிக்கும்படி வைத்துத் திருகினார்.

“இது முன்னாடி இல்லையே?”

“எப்பவோ கழண்டு விழுந்திருக்கு. யாரும் தேடல.”

“இதுல கரண்ட் ஓடுமா?”

“ஓடாது.”

“அப்புறம் எதுக்கு?”

“இழுங்க.”

இழுத்தார். ஒயர் விறைத்தது. குனிந்து பார்த்தார். தகட்டுக்கு அந்தப் பக்கம், பிளக்குக்குள், இழைகள் இழுபடாமல் தளர்வாகக் கிடந்தன.

நம்பிக்கை வராமல் இன்னும் பலமாக இழுத்தார். இழைகள் அசையவே இல்லை.

“அட!”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் இழுத்தார். காவி கேட்டு வந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது. முத்தரசி.

“அப்பா, வருவீங்களா, மாட்டீங்களா?”

கத்த வாயெடுத்தார். ஒயர் இன்னும் கையில் இருந்தது; அதை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“இன்னொரு தடவை கேளு, தாயி” என்றார்.